பிள்ளையின் புள்ளியை எந்தத் தராசில் நிறுக்கிறார்கள்?



சம்பளம், வீடு, காணி என்று நாம் பேசிவரும் பக்கங்களில் பாடசாலைப் புள்ளியைப் பற்றி எழுதுவது சிலருக்குப் புதினமாக இருக்கலாம். ஆனால் தோட்டத்துக்கு வெளியே ஒரு தொழிலைத் தேடிப் போகும் நமது பிள்ளைகளுக்கு இன்றும் பாடசாலைதான் வழி. அந்த வழியில் யார் போகலாம், யார் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது புள்ளி. அந்தப் புள்ளியைப் போடும் முறை இப்போது மாறிக்கொண்டு வருகிறது. மாற்றம் முடிந்த பிறகு சத்தம் போடுவதைவிட, நடந்துகொண்டிருக்கும்போதே நமது நிலைப்பாட்டைச் சொல்லிவிடுவது நல்லது.

முன்பெல்லாம் தவணைக்கு ஒரு பரீட்சை. பிள்ளை எழுதும், ரிப்போட் வரும், நாம் கையொப்பம் வைப்போம். இப்போது அதோடு வேறு பலவும் சேர்ந்துவிட்டன. வாசிப்பதை வீடியோ எடுத்து வட்ஸ்அப் குழுவில் போடச் சொல்கிறார்கள். கூகுள் படிவத்தில் வினாக்களுக்கு விடை குறிக்கச் சொல்கிறார்கள். இணையத்தில் படம் தேடி ஒப்படை செய்துவரச் சொல்கிறார்கள். பாதி தாளிலும் பாதி போனிலுமாகப் பிள்ளையை அளக்கும் இந்த முறைக்குக் கல்வித்துறையில் கலப்புக் கணிப்பீடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2025இல் அரசாங்கம் அறிவித்த கல்விச் சீர்திருத்தமும் இதே திசையில்தான் பேசுகிறது. பாடங்கள் மொடியூல்களாகப் பிரியும், இறுதிப் பரீட்சையோடு வகுப்பறையில் நடக்கும் கணிப்பீட்டுக்கும் இடம் கிடைக்கும், டிஜிட்டல் வசதிகள் கூடும் என்கிறார்கள்.

இதை எதிர்க்க வேண்டும் என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. வைப்பது ஒரே ஒரு நிபந்தனை. பிள்ளையிடம் இல்லாத ஒரு பொருளை நம்பி எந்தப் புள்ளியும் இருக்கக் கூடாது. போனும் கணினியும் வகுப்பறையில் ஆசிரியரின் கையில் இருக்கட்டும். அந்தச் சுமையை லயத்து வீட்டின் மேல் இறக்கிவைக்க வேண்டாம்.

ஒரே நாளில் அளந்தால் என்ன குறை?

முதலில் நல்ல பக்கத்தைப் பார்ப்போம். வருடக் கடைசியில் ஒரு பரீட்சையை மட்டும் வைத்துப் பிள்ளையை அளப்பது நமது பிள்ளைகளுக்கு ஒருநாளும் நியாயம் செய்ததில்லை. அன்று காய்ச்சல் என்றாலும், மழைக்கு மண் சரிந்து பாதை அடைபட்டாலும், முதல்நாள் இரவு லயத்தில் சத்தத்தில் தூங்க முடியாமல் போனாலும் போனது போனதுதான்.

இன்னொரு விடயமும் இருக்கிறது. பிள்ளைக்குத் தெரிந்த பல விடயங்கள் தாளில் வருவதில்லை. கொழுந்து எடுக்கும் தாயோடு கணக்குப் பார்த்துப் பழகிய பத்து வயதுப் பிள்ளையிடம் கேளுங்கள். நோர்ம் 18 கிலோ, அம்மா எடுத்தது 23 கிலோ, மேலதிகக் கிலோவுக்கு 50 ரூபா என்றால் எவ்வளவு? பேனையை எடுக்காமலே 250 ரூபா என்று சொல்லிவிடும். அதே கணக்கு வினாத்தாளில் நீண்ட வசனமாக வரும்போது அதே பிள்ளை தடுமாறும். அதற்குக் கணக்கு தெரியும், வசனத்தை வாசித்து விளங்குவதில்தான் சிக்கல். தவணைப் பரீட்சையின் ஒற்றைப் புள்ளி இந்த வித்தியாசத்தைக் காட்டாது. 35 என்று போட்டுவிட்டுப் போய்விடும். பிள்ளையும் தனக்குக் கணக்கு வராது என்று நம்பிவிடும்.

வாரா வாரம் கவனிக்கும் ஆசிரியருக்கு இது தெரியவரும். தெரிந்தால் வாசிப்பைத் திருத்திவிடலாம். 1998இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த போல் பிளக், டிலன் வில்லியம் என்ற இரண்டு கல்வியாளர்கள், இதைப்பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று அன்றாடம் பார்த்து, உடனே திருத்தும் வகுப்பறைகளில் கற்றல் கூடுகிறது என்றும், பின்தங்கி நிற்கும் பிள்ளைகளுக்கே அது அதிகம் உதவுகிறது என்றும் சொன்னார்கள். அந்த வரிசையில் அதிகம் நிற்பது நமது பிள்ளைகள்தான்.

நமது நாட்டிலும் இது புதிதல்ல. பாடசாலை மட்டக் கணிப்பீடு என்ற பெயரில் கால் நூற்றாண்டுக்கு முன்பே வந்தது. நோக்கம் நல்லது. ஆனால் அது கோப்பு நிரப்பும் வேலையாகிவிட்டது என்று ஆசிரியர்கள் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், நாலைந்து பாடத்துக்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் குறித்து வைப்பதென்றால் கற்பிக்க நேரம் எங்கே? டிஜிட்டல் கருவி கைகொடுக்க வேண்டிய இடம் இதுதான்.

சூம் வகுப்பு நடந்த காலத்தை மறக்க வேண்டாம்

கருவி தவறான இடத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்று நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையில் திறந்து திறந்து மூடி, 2021இன் பெரும்பகுதியும் அப்படியே போனது. பாடம் சூமுக்கும் வட்ஸ்அப்புக்கும் போனது. அன்று தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. மாதத்தில் 25 நாள் வேலைக்குப் போனாலும் 17,500 ரூபா. அதில் சேமலாப நிதி, கடைக்கடன், அட்வான்ஸ் எல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். ஒரு ஸ்மார்ட் போன் வாங்குவதென்றால் ஒரு மாத உழைப்பு அப்படியே போய்விடும்.

போன் இருந்த வீட்டிலும் எல்லாம் சரியாக இருக்கவில்லை. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன். அப்பா கொழும்பில் கடையில் வேலை செய்தால் போனும் அவரோடு கொழும்பில். தாய் வெளிநாட்டில் இருந்தால், அம்மாயியின் கையில் இருப்பது பட்டன் போன். மலையின் ஒரு பக்கத்தில் சிக்னல் வரும், மறுபக்கத்து லயத்துக்கு வராது. பாறையிலும் மரத்திலும் ஏறி சிக்னல் தேடிய இலங்கைப் பிள்ளைகளின் படங்கள் 2021இல் உலகச் செய்திகளில் வந்தன. மலையகத்தில் அதைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படவில்லை.

அது பேரிடர்க் காலம், வேறு வழி இருக்கவில்லை என்று விட்டுவிடலாம். ஆனால் பாடசாலைகள் திறந்த பிறகும் அந்தப் பழக்கம் முழுதாகப் போகவில்லை. இன்றைக்கும் எத்தனையோ வீடுகளில் மாலையில் இந்தப் பேச்சு நடக்கிறது.

"அம்மா, போனைக் குடுங்கம்மா. டீச்சர் வாசிக்கிற வீடியோ அனுப்பச் சொல்லியிருக்காங்க."

"டேட்டா முடிஞ்சிருச்சுப்பா. பத்தாந்திகதி சம்பளம் எடுத்துத்தான் ரீலோட் போடணும்."

மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே வெற்றிடம். புள்ளிப் பதிவில் அதற்குப் பெயர் 'சமர்ப்பிக்கவில்லை'. பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா, தெரியாதா என்பது அந்த வெற்றிடத்தில் தெரியாது. தாயிடம் டேட்டா இல்லை என்பது மட்டும்தான் தெரியும். வறுமையை அளந்துவிட்டு அதைப் பிள்ளையின் திறமை என்று எழுதி வைப்பதை நாம் ஏற்கவே முடியாது.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் கணினி எழுத்தறிவைக் கணக்கெடுக்கும்போது நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. அதில் கடைசியில் நிற்பது தோட்டம். அரசாங்கத்தின் கணக்கே இப்படி இருக்கும்போது, வீட்டில் கருவி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போடும் எந்தப் புள்ளித் திட்டமும் தோட்டப் பிள்ளையைக் கணக்கில் எடுக்காத திட்டம்தான்.

ஒரே போன் போதும், அது ஆசிரியரிடம் இருந்தால்

அப்படியென்றால் கருவியே வேண்டாமா? வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு போன் என்ற கணக்கை விட்டுவிட்டு, ஒரு வகுப்புக்கு ஒரு போன் என்று யோசித்தால் எவ்வளவோ செய்யலாம்.

பிளிக்கர்ஸ் என்று ஒரு செயலி உண்டு. பிள்ளைகளின் கையில் போன் தேவையில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டம் கட்டமாகக் கறுப்பு வெள்ளைக் குறி அச்சடித்த ஒரு மட்டை. மட்டையின் நான்கு பக்கங்களும் ஏ, பி, சி, டி என்ற நான்கு விடைகள். ஆசிரியர் கேள்வி கேட்பார். பிள்ளை தன் விடை மேலே இருக்கும்படி மட்டையைப் பிடிக்கும். ஆசிரியர் தன் போனின் கமெராவை வகுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கொண்டுபோனால், யார் எந்த விடை சொன்னார்கள் என்று சில விநாடிகளில் பதிவாகிவிடும். ஒவ்வொரு மட்டையின் குறியும் வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் கொப்பியடிப்பதும் கஷ்டம். கூச்சத்தால் கை தூக்காத பிள்ளையின் விடையும் கணக்கில் வரும். பாதி வகுப்பு பிழையான விடையைப் பிடித்திருந்தால், அந்தப் பாடத்தை மறுபடி நடத்த வேண்டும் என்று ஆசிரியருக்கு அன்றே தெரிந்துவிடும். பரீட்சை முடிந்த பிறகு தெரிந்து என்ன பயன்?

வாசிப்பையும் அப்படிப் பார்க்கலாம். தரம் 2, தரம் 3 பிள்ளைகள் தவணைக்கு ஒருமுறை ஒரு பந்தியை வாசிக்க, ஆசிரியரே வகுப்பில் தன் போனில் குரலைப் பதிவு செய்து வைக்கட்டும். முதல் தவணைக் குரலையும் மூன்றாம் தவணைக் குரலையும் பெற்றோர் கூட்டத்தில் போட்டுக் காட்டினால், எழுத வாசிக்கத் தெரியாத தாய்க்கும் தன் பிள்ளை முன்னேறியிருக்கிறதா என்று காதால் கேட்டே விளங்கும். எந்த ரிப்போட்டும் அந்தத் தாய்க்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. செயல்முறை வேலைகளை, பிள்ளை செய்த வரைபடத்தை, முளைக்கவைத்த விதையை ஆசிரியர் படமெடுத்து வைத்தால், கோப்புக் கட்டும் வேலையும் குறையும்.

இணையம் இல்லாத பாடசாலைக்கும் வழி உண்டு. கொலிப்ரி என்ற இலவச மென்பொருளை ஒரு கணினியில் ஒருமுறை ஏற்றிவிட்டால், அந்தக் கணினியே வகுப்பறைக்குள் ஒரு சிறிய வலைப்பின்னலாக வேலை செய்யும். அறையில் இருக்கும் மற்றக் கணினிகளும் டெப்களும் அதனோடு இணைந்து பாடம் பார்க்கலாம், பயிற்சி செய்யலாம். ஆசிரியருக்கு யார் எதைச் செய்தார் என்று தெரியும். வெளி இணைய இணைப்போ டேட்டாவோ தேவையில்லை. ஆனால் நமது பாடத்திட்டத்துக்கு ஏற்ற வினாக்களைத் தமிழில் ஏற்றினால்தான் பயன். அதைத் தனித்தனி ஆசிரியர்களின் தலையில் போடாமல் வலயக் கல்விப் பணிமனையும் ஆசிரிய ஆலோசகர்களும் செய்துகொடுக்க வேண்டும். உங்கள் பிள்ளையின் பாடசாலையில் கணினி அறை இருக்கிறதா, இருந்தால் கிழமைக்கு எத்தனை நாள் திறக்கிறார்கள் என்று அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் ஒரு பூட்டைத் திறந்தாலே போதுமாக இருக்கும்.

கணினி போட்ட புள்ளியென்றால் சரியாகத்தான் இருக்குமா?

மனிதர் போட்டால் பாரபட்சம் இருக்கும், கணினி போட்டால் நியாயமாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். இதற்கு இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

2020இல் அங்கும் கொரோனாவால் உயர்தரப் பரீட்சை நடக்கவில்லை. ஒவ்வொரு மாணவருக்கும் என்ன பெறுபேறு கிடைத்திருக்கும் என்று ஆசிரியர்களிடம் கேட்டார்கள். பிறகு பரீட்சைகளை ஒழுங்குபடுத்தும் ஒஃப்குவல் என்ற அரச நிறுவனம், கணினிச் சூத்திரம் ஒன்றால் அந்தப் பெறுபேறுகளை மாற்றியது. அந்தப் பாடசாலை கடந்த வருடங்களில் எப்படிச் செய்தது என்பதையும் சூத்திரம் கணக்கில் எடுத்தது. ஆகஸ்ட் 13இல் பெறுபேறு வந்தபோது, கிட்டத்தட்ட நூற்றுக்கு 40 பெறுபேறுகள் ஆசிரியர் சொன்னதைவிடக் குறைந்திருந்தன. முன்பு நல்ல பெறுபேறு வராத பாடசாலையில் படித்த கெட்டிக்காரப் பிள்ளை கீழே இழுக்கப்பட்டது. மாணவர் தொகை மிகக் குறைந்த வகுப்புகளுக்குச் சூத்திரத்தைப் பிரயோகிக்காமல் ஆசிரியர் சொன்னதையே எடுத்ததால், சிறிய வகுப்புகள் வைத்திருந்த தனியார் பாடசாலைகளுக்கு அனுகூலம் கிடைத்தது. மாணவர்கள் வீதியில் இறங்கினார்கள். நான்கு நாளில், ஆகஸ்ட் 17இல், அரசாங்கம் பின்வாங்கி ஆசிரியர்கள் சொன்ன பெறுபேறுகளையே ஏற்றுக்கொண்டது.

வசதியான நாடொன்றிலேயே இப்படி நடந்தது. விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலைகள் குறைவாகவும், கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் போதாமலும் இருக்கும் தோட்டப் பகுதியில் அப்படியொரு சூத்திரம் வந்தால் என்ன நடக்கும்? பாடசாலையின் பழைய வறுமை புதிய பிள்ளையின் புள்ளியில் ஏறிவிடும். கணினி பொய் சொல்லாது என்பார்கள். ஆனால் அதற்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்பது நமது வேலை.

இதை நாம் விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை. கொழுந்து மடுவத்தில் தொங்கு தராசு இருந்த காலத்திலும் சண்டை இருந்தது, மின்சாரத் தராசு வந்த பிறகும் சண்டை இருக்கிறது. தராசு புதியதா, பழையதா என்பது பிரச்சினையே இல்லை. எண்ணை நாம் பார்க்கிறோமா, சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று எத்தனை கிலோ கழிக்கிறார்கள், துண்டில் எழுதியதும் செக்ரோலில் ஏறியதும் ஒன்றா, பிழையென்றால் யாரிடம் முறையிடுவது? தொழிற்சங்கம் இத்தனை காலம் கேட்டுவருவது இந்தக் கேள்விகளைத்தான். பிள்ளையின் புள்ளிக்கும் இதே கேள்விகளைக் கேட்போம். என்ன செய்ததற்கு எத்தனை புள்ளி? பதிவை நான் பார்க்கலாமா? பிழையென்றால் திருத்துவது எப்படி?

பதிவுகளின் பாதுகாப்பும் ஒரு கேள்விதான். பிள்ளையின் குரல், முகம், புள்ளி எல்லாம் போனில் ஏறுகிறது. முழு வகுப்பின் புள்ளியையும் பெயரோடு வட்ஸ்அப் குழுவில் போட்டால், கடைசியில் நிற்கும் பிள்ளை லயம் முழுக்கத் தலைகுனிய வேண்டும். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நாட்டில் இருக்கிறது. பிள்ளையின் பதிவு பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரியது. ஊருக்குக் காட்டுவதற்கு உரியதல்ல.

ஆசிரியரும் உழைப்பாளிதான்

இவ்வளவையும் படித்துவிட்டு யாரும் நாளைக்குப் போய் டீச்சரோடு சண்டை பிடிக்க வேண்டாம். வீடியோ அனுப்பச் சொல்லும் ஆசிரியை பெரும்பாலும் மேலே இருந்து வந்த சுற்றறிக்கைக்கு ஓடுகிறவர். கொரோனாக் காலத்தில் தங்கள் சொந்தப் போனில், சொந்தக் காசில் டேட்டா போட்டுப் பாடம் நடத்தியவர்கள் ஆசிரியர்கள். சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி 2021 ஜூலையில் அவர்களின் தொழிற்சங்கங்கள் ஒன்லைன் கற்பித்தலை நிறுத்தியதும் நினைவிருக்கும். வகுப்புக்கு ஒரு போன் என்று நாம் கேட்கும்போது, அது ஆசிரியரின் சொந்தப் போனாக இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கருவியும் டேட்டாவும் பாடசாலையின் செலவு. கூடுதல் வேலைக்குப் பயிற்சியும் நேரமும் வேண்டும். மலையகத்துக்குத் தமிழ் ஆசிரியர்களை உருவாக்கும் பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி போன்ற இடங்களிலேயே, சிக்னல் இல்லாத வகுப்பறையில் கணிப்பீடு செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். கொழும்புப் பாடசாலையை மனதில் வைத்துத் தயாரித்த பயிற்சி இங்கே உதவாது.

இன்னொரு தரப்பு சொல்லும்: "எல்லாரிடமும் போன் வரும்வரை காத்திருந்தால் நமது பிள்ளைகள் இன்னும் பின்தங்கிவிடும். எப்படியாவது பழகட்டும்." இதில் பாதி உண்மை இருக்கிறது. போனையும் கணினியையும் தொடாமல் வளரும் பிள்ளை நாளைய வேலைக்குப் போக முடியாது. அதனால்தான் பாடசாலையில் தொடட்டும் என்கிறோம். பழகுவது வேறு, பழக வசதியில்லாத பிள்ளைக்குப் புள்ளியைக் குறைப்பது வேறு. முதலாவதைக் கேட்போம், இரண்டாவதைத் தடுப்போம்.

நல்ல சீர்திருத்தம் நாட்டுக்கு வந்து லயத்துக்கு மட்டும் பிந்தி வருவது நமக்குப் பழகிப்போன கதை. 1945இல் இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. அவற்றை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்க எழுபதுகள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் இரண்டு தலைமுறை தோட்டப் பாடசாலையின் ஒற்றை அறையோடு நின்று மலைக்கு வேலைக்குப் போய்விட்டது. இந்த முறையும் அப்படிப் பிந்திவர நாம் இடம்கொடுக்கக் கூடாது.

நாம் கேட்க வேண்டியவை

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது கீழே உள்ளவற்றைக் கையில் கொண்டுபோங்கள்.

1. புள்ளிக்கு எடுக்கும் எந்த வேலையும் பாடசாலை நேரத்தில், பாடசாலைக் கருவியில் நடக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் போன் வேலை பயிற்சிக்கு மட்டும், புள்ளிக்கு அல்ல.

2. போனில் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் அதே பெறுமதியுள்ள தாள் வழி ஒன்று இருக்க வேண்டும். தாளில் செய்த பிள்ளைக்குப் புள்ளி குறையக் கூடாது.

3. கருவி வேலை செய்யாமல், மின்சாரம் நின்று, சிக்னல் இல்லாமல் போனால் பூச்சியம் போடக் கூடாது. பிள்ளைக்கு இன்னொரு நாள் கொடுக்க வேண்டும்.

4. தவணைக்கு ஒருமுறை பிள்ளையின் கணிப்பீட்டுப் பதிவைப் பெற்றோருக்குத் தமிழில் விளக்க வேண்டும். வேலைநாள் காலையில் கூட்டம் வைத்தால் அரைப்பேர் போய்விடும். மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ வையுங்கள் என்று கேளுங்கள்.

5. பிழை திருத்த ஒரு வழி வேண்டும். யாரிடம், எத்தனை நாளுக்குள் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

6. முழு வகுப்பின் புள்ளிகளையும் பிள்ளைகளின் பெயரோடு வட்ஸ்அப் குழுக்களில் போடக் கூடாது.

7. கருவி, டேட்டா, திருத்த வேலைச் செலவுகளைக் கல்வி அதிகாரிகள் ஏற்க வேண்டும். அதற்காகப் பெற்றோரிடம் காசு சேர்ப்பதும், ஆசிரியரின் சொந்தப் பணத்தில் நடத்துவதும் கூடாது.

பாடசாலைக்கு என்னென்ன கருவிகள் வந்தன, இப்போது எத்தனை வேலை செய்கின்றன என்று தெரிந்துகொள்ளவும் நமக்கு உரிமை உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நாட்டின் பிரஜை எவரும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். எழுதத் தெரியாதவர் தோட்டக் கமிட்டித் தலைவரின் அல்லது நமது மாவட்டக் காரியாலயத்தின் உதவியைக் கேட்கலாம்.

தோட்டக் கமிட்டிகளுக்கு ஒரு வேலை. இந்த மாதக் கூட்டத்தில் உங்கள் பிரிவில் ஸ்மார்ட் போன் இருக்கும் வீடுகள் எத்தனை, இல்லாத வீடுகள் எத்தனை, சிக்னல் வராத லயங்கள் எவை, பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு பின்னேரத்தில் முடிகிற வேலை. அந்தத் தாளின் ஒரு பிரதியை அதிபரிடம் கொடுங்கள், ஒரு பிரதியைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். "எல்லா வீட்டிலும் போன் இருக்கிறதுதானே" என்று வலயத்திலோ கொழும்பிலோ யாராவது சொல்லும்போது, அந்தக் கணக்கை எடுத்து மேசையில் வைப்போம்.